நடுவழியில ஏன் எறங்குனாரு

வியட்நாமா? அம்புட்டுத் தொலவும் பஸ்லயேவா? ஆத்தி! இல்ல சார், கிண்டல் பண்ணல. தேனி பஸ்ஸ்டாண்டுல பக்கத்து சீட்டுல வந்து உக்காருற ஆளு வெளிநாட்டுல டவுன்பஸ் ஏறி எறங்குன ஆளா இருப்பாகன்னு நான் என்னத்தக் கண்டேன். அதான் கேக்குறேன். பாஷ தெரியாத ஊருல யாரோ ஒரு அம்மா சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாதிய ஒங்க கையில வச்சாகன்னு சொன்னீகள்ல. அதக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வேற ஒண்ணும் இல்ல.

நானும் போயிருக்கேன் சார். வியட்நாம் இல்ல, இந்தா இருக்கு இலங்கை. போன வருசம் மாசி மாசம். தனியா. எல்லாம் பஸ்ல தான்.

நானா? பேரு நல்லகண்ணு. அனுமந்தன்பட்டி. உத்தமபாளையம் தாண்டுனா வரும், வந்ததும் காட்டுறேன். இந்த ரோட்டுல தான் இருவத்தாறு வருசம் கண்டக்டரா இருந்தேன், தனியார் வண்டியில. தேனி டு குமுளி. ஒரு நாளைக்கு மூணு நடை. இப்ப இல்ல, விட்டாச்சு. வேலைய விட்டு அஞ்சு வருசம் ஆச்சு. இப்ப தோட்டத்துல நாலு தென்னையும் ஒரு மாடும்.

ஏன் இலங்கைன்னா... சும்மா ஊரு பாக்கப் போகல சார். ஒரு அட்ரஸ் இருந்துச்சு. அந்த ஊருக்காரர் ஒருத்தரு நம்ம பக்கம் வந்த எடத்துல எறந்து போயிட்டாரு, கொரோனா வந்துச்சே அந்த வருசம். பேரு பந்துல. சுருளியாண்டின்னு நமக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு போலீஸ் டேசன்ல ரைட்டரா இருந்தாரு. அவரு தான் அந்த அட்ரஸ ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாரு. எதுக்குண்ணே ஒங்களுக்குன்னாரு. சும்மா இருக்கட்டும்னேன். நாலு வருசம் சட்டைப்பையில இருந்துச்சு சார் அந்தச் சீட்டு. மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு, ரெண்டு தடவ வேற பேப்பர்ல பாத்து எழுதிக்கிட்டேன். எனக்கு இங்கிலீசு சரளமா வராது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா அந்த அஞ்சு வரி மட்டும் கண்ண மூடிக்கிட்டு எழுதுவேன்.

எங்க வீட்டுல கேட்டுச்சு, மலையம்மா, என் சம்சாரம். செத்தவுக வீட்டுக்குத் துட்டிக்குப் போறதுன்னா நாலு வருசம் கழிச்சா போவாக, அதுவும் கடலத் தாண்டின்னு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன். அதுவும் அதுக்கு மேல கேக்கல. நான் ராத்திரிக்கு ராத்திரி எந்திரிச்சு உக்காந்திருக்குறத அது பாத்துக்கிட்டுத் தான இருக்கு. மகன் விசால் கோயம்புத்தூர்ல வேல பாக்குறான், அவன் தான் டிக்கெட்டு, விசான்னு எல்லாம் போன்லயே போட்டுக் கொடுத்தான்.

மதுரையில பிளேன் ஏறுனா ஒரு மணி நேரம் சார். நம்ம ஊருல இருந்து மதுரைக்குப் போறதுக்கே மூணு மணி நேரம் ஆகுது. கொழும்புல ராத்திரி ஒரு லாட்ஜுல படுத்துட்டு, காலையில பஸ்ஸ்டாண்டுக்குப் போனேன். ஆத்தாடி, என்னா கூட்டம். போர்டெல்லாம் தமிழ்லயும் எழுதியிருக்கு, அது ஒரு நிம்மதி. ஆனா எது எங்கன நிக்குதுன்னு தெரியல. இருவத்தாறு வருசம் பஸ்லயே கெடந்தவன் பஸ்ஸ்டாண்டுல முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு பொம்பள, கூடையில அவிச்ச சோளம் விக்கிது, நான் நிக்கிற நிலையையும் கையில இருந்த சீட்டையும் பாத்துட்டு பதுளையான்னுச்சு. அட்ரஸுல இருக்குற டவுனு அது, ஆமான்னு தலைய ஆட்டுனேன். கூடைய அங்கனயே பக்கத்துல ஒரு ஆளு கிட்ட விட்டுட்டு என் மணிக்கட்டப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி வண்டியில ஏத்தி, டிரைவர் கிட்ட என்னமோ சொல்லிட்டுப் போயிருச்சு. திரும்பிக் கூடப் பாக்கல.

அங்க முன் சீட்டு ரெண்டும் காவி கட்டுன பிக்குகளுக்கு. அவுக ஏறுனா மத்தவுக எந்திரிக்கணும். டிரைவர் தலைக்கு மேல புத்தரு படம், அதுக்குப் பக்கத்துலயே நம்ம பிள்ளையாரு. ரெண்டு பேருக்கும் ஒரே சீரியல் லைட்டு. நீங்க சிரிக்கிறீக, எனக்கு அதப் பாத்ததும் மனசு கொஞ்சம் லேசாச்சு.

கேளுங்க. அஞ்சு மணி நேரம் கழிச்சு மலை ஏறுது வண்டி. அப்புத்தளைன்னு ஊரு, நம்ம மேகமலை மாதிரி. தேயிலை, பனி, வளைவு. நான் பாக்காத வளைவா? நின்னுக்கிட்டே கணக்குப் பாத்து டிக்கெட்டுக் கிழிச்சவன் நான், தள்ளாட மாட்டேன். ஆனா அன்னைக்கு என்னமோ ஆயிருச்சு. வளைவுல திரும்புது, எனக்கு நெஞ்ச அடைக்குது. வேர்த்துக் கொட்டுது. வாயப் பொத்துறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டேன். எனக்கு முன்னாடி சீட்டுல இருந்த ஆளு முதுகெல்லாம் சார். அவரு வெள்ளச் சட்ட.

நான் எந்திரிச்சுக் கைய எடுத்துக் கும்பிட்டேன். எறங்கிர்றேன், எறங்கிர்றேன்னு தமிழ்ல சொல்றேன். கதவு பக்கம் போறேன். அந்தக் கண்டக்டரு, சின்ன வயசு, முப்பது இருக்கும், என்னைய ரெண்டு தோளயும் பிடிச்சு நிப்பாட்டுனாரு. வண்டிய ஓரங்கட்டச் சொன்னாரு. சரி, எறக்கி விடத்தான் போறாகன்னு நெனச்சேன். நெசமாச் சொல்றேன், அப்படி எறக்கி விட்டுட்டுப் போயிட்டா நல்லா இருக்கும்னு கூட நெனச்சேன்.

எறக்கி விடல. கைத்தாங்கலா கீழ கூட்டிட்டுப் போயி, ரோட்டோரத்துல ஊத்துத் தண்ணி குழாயில வருது, அதுல மொகத்தக் கழுவி விட்டாரு. ஒரு அம்மா எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கச் சொல்லி மூக்குக்கிட்ட வச்சாக. அந்த வெள்ளச் சட்டக்காரரு இருக்காருல்ல, அவரு சட்டையக் கழட்டி அதே குழாயில அலசிப் பிழிஞ்சு, ஈரத்தோட மாட்டிக்கிட்டு, என்னையப் பாத்து ஹரி ஹரிங்குறாரு. சரி சரின்னு அர்த்தம். கால் மணி நேரம் வண்டி நிக்கிது சார். அறுவது பேரு இருப்பாக. ஒருத்தர் வாயத் தொறக்கல. ஒருத்தர் கூட. நான் ஒவ்வொரு மொகமாப் பாக்குறேன், யாராவது வைய மாட்டாகளான்னு. ஒரு பிக்கு எந்திரிச்சு அவரு சீட்டக் காட்டுறாரு, முன்னாடி உக்காரு, காத்து வரும்னு.

நான் அழுதுட்டேன். நின்ன எடத்துல ஓன்னு அழுதேன். ஒடம்புக்கு ரொம்ப முடியலன்னு நெனச்சுக்கிட்டாக. அந்த எலுமிச்சம்பழம் கொடுத்த அம்மா என் முதுகத் தடவிக்கிட்டே வந்தாக, பதுளை வரைக்கும்.

ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் இருந்தேன்.

இந்தா, இது தான் எங்க ஊரு. அந்தப் பெரிய சர்ச்சு தெரியுதுல்ல, அதுக்கு அங்கிட்டு நம்ம வீடு. இல்ல இல்ல, நான் இங்கன எறங்கல. குமுளி வரைக்கும் வர்றேன். இருக்கட்டும், சொல்லி முடிச்சிர்றேன்.

பதுளையில பொழுது அடைஞ்சிருச்சு. ஒரு சாயபு ஓட்டல், தமிழ் பேசுறாரு. எந்த ஊருன்னு கேட்டாரு. தேனின்னேன். சாப்பாட்டப் போட்டு, கடைக்கு மேலயே ஒரு ரூம்புல படுக்கச் சொல்லிட்டாரு. காலையில அவரே பசறை பஸ்ஸுல கொண்டாந்து ஏத்திட்டாரு. பசறையில இருந்து இன்னொரு பஸ்ஸு. அந்தக் கடைசி ஊரு பேரு என் வாயில நுழையாது. சீட்டத் தான் காட்டுனேன். கண்டக்டரு வாங்கிப் படிச்சாரு. படிச்சிட்டுச் சத்தமா வண்டிக்குள்ள என்னமோ கேட்டாரு. பின்னாடி இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு வந்துச்சு. புஸ்பராணின்னு பேரு. நம்ம தமிழ்ப் பொண்ணு, தேயிலைத் தோட்டத்துல பெறந்து வளந்தது, ஆஸ்பத்திரியில வேல பாக்குதாம். குசுமாக்கா வீட்டுக்கா போறீங்க, நான் கூட்டிட்டுப் போறேன்னுச்சு. அது எறங்க வேண்டிய எடம் இன்னும் ரெண்டு மைலு அங்கிட்டு. எனக்காக முந்தியே எறங்குச்சு. மண்ணு ரோட்டுல அரை மணி நேரம் நடந்தோம். எந்த ஊரு, என்ன வேலன்னு கேட்டுச்சு, தேனி, பஸ்ல இருந்தேன்னேன். அதுக்கப்பறமும் வழியெல்லாம் அது பேசிக்கிட்டே வருது. எனக்கு ஒண்ணும் காதுல விழல.

வீடு சின்ன வீடு தான். தகரம் போட்டது. சுத்தி மரத்துக்கு மரம் மொளகுக் கொடி ஏத்தி விட்டிருக்காக. அந்தப் பந்துல மொளகு வெவசாயி சார். நம்ம குமுளி, வண்டன்மேடு பக்கமெல்லாம் மொளகு நல்லா காய்க்கும், அந்தக் கொடிய நேர்ல பாத்துட்டு வரணும்னு தான் அம்புட்டுத் தொலவு வந்திருக்காரு. கையில இருந்தத வச்சுக்கிட்டு, எங்கிட்டும் கார் எடுக்காம, மதுரையில எறங்கி பஸ் மாறி பஸ் மாறி. ஒங்கள மாதிரி ஆளு.

அந்தம்மா வெளிய வந்தாக. குசுமா. பந்துலவோட சம்சாரம், அம்பது வயசு இருக்கும். புஸ்பராணி சிங்களத்துல சொல்லுச்சு, இவரு இந்தியாவுல இருந்து வந்திருக்காரு, தேனிக்காரருன்னு. தேனிங்குற வார்த்தைய மட்டும் அந்தம்மா திருப்பிச் சொன்னாக. மெதுவா. தேனி. அப்பறம் என் கையப் பிடிச்சுக்கிட்டாக. விடவே இல்ல.

அய்யாங்குறாக என்னைய. அவுக பாஷயில அய்யான்னா அண்ணனாம்.

நான் என்னத்தச் சொல்ல? துட்டி கேக்க வந்தேன்மா, எங்க ஊருப் பக்கம் நடந்துருச்சு, அதான் மனசு கேக்கலன்னேன். பொய் இல்ல. பொய்யே இல்ல அது. புஸ்பராணி அதச் சொன்னதும் பக்கத்து வீட்டுல இருந்தெல்லாம் ஆளு வந்துருச்சு. இந்தியாவுல இருந்து ஒருத்தர் இவுக வீட்டுத் துக்கத்துக்காக பஸ்ல வந்திருக்காருன்னு. வயசான ஆளுக கையெடுத்துக் கும்பிடுறாக. நல்ல நாற்காலிய எங்கிருந்தோ தூக்கியாந்து அதுல வெள்ளத் துணிய விரிச்சு என்னைய உக்கார வச்சாக. அவுக மக, இசுரின்னு பேரு, பதினெட்டு வயசு, வெத்தலக் கட்ட ரெண்டு கையில ஏந்திக்கிட்டு வந்து என் முன்னாடி மண்டி போட்டுக் காலத் தொட்டுக் கும்பிடுது. பெரியவுகளுக்குச் செய்ற மரியாதையாம். நான் கால உள்ள இழுத்தேன். அது வெக்கப்படுறேன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் கிட்டக்க வந்து தொடுது.

செவுத்துல அவரு போட்டோ. சிரிச்சமேனிக்கு. அன்னைக்கு என் வண்டியில... ம்.

தண்ணி இருக்கா சார்? கொஞ்சம் கொடுங்க.

கம்பத்துல வண்டி பத்து நிமிசம் நிக்கும். டீ குடிக்கிறீகளா? வேணாமா. சரி.

சோறு போட்டாக. பருப்பு, கருவாடு, தேங்காச் சம்பல். சாப்புட்டேன் சார். அதையும் சாப்புட்டேன். சாப்புட்டு முடிச்சதும் தான் அந்தம்மா பேச ஆரம்பிச்சாக. புஸ்பராணி ஒவ்வொண்ணாத் தமிழ்ல சொல்லுது. அன்னைக்குத் தேனியில பஸ் ஏறி உக்காந்ததும் அவரு வீட்டுக்குப் போன் போட்டிருக்காரு. வெயிலு தான் ஜாஸ்தி, ஆனா மனுசங்க நல்லவங்கன்னாராம். பாஷ தெரியாம நின்னேன், கண்டக்டரே கூப்பிட்டு சன்னலோரமா எடம் போட்டுக் கொடுத்தாரு, நான் ஊரு பேரு எழுதி வச்சிருந்த சீட்டப் பாத்து, குமுளி வந்ததும் எறக்கி விடுறேன், தூங்குங்கன்னு சைகை காட்டுனாரு, பயப்படாத, நல்ல மனுசங்க கையில தான் இருக்கேன்னாராம். அது தான் அவரு கடைசியாப் பேசுனது.

அதச் சொல்லிட்டு அந்தம்மா கண்ணத் தொடைச்சுக்கிட்டாக. பெறகு நிமிந்து என்னையப் பாத்து ஒண்ணு கேட்டாக. நீங்க பஸ்ல வேல பாத்தவருன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. அப்ப ஒங்களுக்குத் தெரியும். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு, சின்ன வயசுல இருந்தே. இழுக்குற மருந்து பம்பு இல்லாம பக்கத்துக் கடைக்குக் கூடப் போக மாட்டாரு. குமுளிக்கு டிக்கெட்டு எடுத்த மனுசன், பைய வண்டிக்குள்ள வச்சிட்டு, நடுக்காட்டுல, நடுவழியில ஏன் எறங்குனாரு? காத்து வாங்கணும்னு அவரா எறங்கிட்டாருன்னு போலீஸ்ல எழுதியிருக்காக. நாலு வருசமா யோசிக்கிறேன் அய்யா. ஏன் எறங்குனாரு?

புஸ்பராணி சொல்லி முடிச்சிட்டு என் மொகத்தப் பாக்குது. அந்தம்மா பாக்குறாக. அந்தப் பிள்ள பாக்குது. அம்புட்டு சனமும்.

சொன்னீகளான்னு கேக்குறீகளா?

தெரியலம்மான்னேன்.

கொரோனா நேரம் பாருங்க, பிளேன் எல்லாம் நின்னு போச்சு, பொணத்தக் கூட அனுப்ப முடியல, இங்கனயே எரிச்சுட்டாக. அவுக மொகத்தக் கூடப் பாக்கல. ஆஸ்பத்திரியில டெஸ்ட்டு எடுத்துப் பாத்தாக சார். கொரோனா எல்லாம் ஒண்ணும் இல்ல. வெறும் மூச்சிரைப்பு.

மறுநாள் கெளம்புறப்ப அந்தப் பிள்ள என் போன் நம்பர வாங்கிக்கிச்சு. இப்ப தெனமும் காலையில ஆறு மணிக்கு மெசேஜ் வரும். பூவு, விளக்கு, புத்தரு. புஸ்பராணி கிட்டத் தமிழ் படிக்கிதாம், போன வாரம் பேசி அனுப்பியிருக்கு. மாமா, சுகமா இருக்கீங்களா, அம்மா ஒங்கள மறுபடி வரச் சொல்றாங்கன்னு. அந்தக் குரலு... நான் ஒரு தடவ தான் கேட்டேன். அழிக்கவும் மனசு இல்ல, கேக்கவும் முடியல. மலையம்மா தான் அப்பப்ப போட்டுக் கேக்கும். பாவம், பாசக்காரப் பிள்ள, பதில் சொல்லுங்கங்கும்.

இந்தா, லோயர்கேம்ப் வந்துருச்சு. இனி ஏத்தம் தான். காதடைக்கும், எச்சிய முழுங்கிக்கங்க.

நீங்க நல்ல ஆளா இருக்கீக. பேரு கூட நான் கேக்கல, வேணாம், சொல்லாதீக. குமுளியில எறங்குனா நீங்க ஒரு பக்கம் போயிருவீக, மறுபடி நாம பாக்கப் போறதில்ல. நான் மாசத்துல ரெண்டு தடவ இந்த வண்டியில ஏறி மேல போயிட்டுத் திரும்பி வருவேன். குமுளியில எனக்கு ஒரு சோலியும் கெடையாது.

கூடலூர் வரைக்கும் அந்தப் பந்துல தூங்கிட்டுத் தான் வந்தாரு. ஏத்தம் ஏற ஏற இரும ஆரம்பிச்சாரு. அப்ப மூணாறுல யாரோ வெள்ளக்காரனுக்குக் கொரோனான்னு டிவி பூராம் அது தான். வண்டியில ஒருத்தன் சத்தம் போட்டான், வெளிநாட்டுக்காரன் இருமுறான்னு. அப்பறம் வண்டியே சத்தம் போட்டுச்சு. பிள்ளக்குட்டிய வச்சிருக்கோம், எறக்கி விடுய்யான்னு. அதச் சாக்கா நான் சொல்லல. டிரைவரு சுரேஷ்கண்ணன் சொன்னான், அண்ணே, பத்து நிமிசம் தான், குமுளியில ஆஸ்பத்திரி இருக்கு, கொண்டுக்கிட்டுப் போயிருவோம்னு. நான் தான் நிப்பாட்டுடான்னேன். எனக்கும் பயம் சார். மொகத்துல துண்டக் கட்டிக்கிட்டு, கையக் கூடத் தொடாம, சட்டைய ஒரு நுனியில பிடிச்சு இழுத்து எறக்குனேன். அடுத்த வண்டி வரும், அடுத்த வண்டி வரும்னு சொன்னேன். அவருக்கு என்ன புரியும். நான் வழி காட்டத்தான் எறக்குறேன்னு நெனச்சிருப்பாரு போல, தலைய ஆட்டிக்கிட்டே எறங்குனாரு.

பை மேல ரேக்குல இருந்துச்சு. குமுளியில போயித் தான் நான் பாத்தேன். சைடு ஜிப்புக்குள்ள அந்த மருந்து. எஸ்டேட்டு ஜீப்புக்காரக அவரப் பாக்கும்போது ஒரு மணி நேரம் ஆயிப்போச்சு. போலீஸ்ல கேட்டப்ப, அவரா எறங்குனாருன்னு எழுதிக் கொடுத்ததும் நான் தான். சுரேஷ்கண்ணன் என் மொகத்தப் பாத்தான். லாக்டவுன் முடிஞ்சு வண்டி ஓடுனப்ப அவன் வரல, வேற வேலைக்குப் போயிட்டான்.

இந்த வளைவு தான் சார். இல்ல, அங்கன ஒண்ணும் இல்ல பாக்குறதுக்கு. தடுப்புக் கல்லு தான்.

வண்டி கெளம்பிருச்சு, அவரு ஓடியாறாரு. அந்த ஏத்தத்துல, அந்த மூச்ச வச்சுக்கிட்டு, ஒரு கைய நீட்டிக்கிட்டே ஓடியாறாரு. பையக் கேட்டிருக்காரு. நான் ஏறத்தான் வர்றாருன்னு நெனச்சேன். சுரேஷ்கண்ணன் கண்ணாடியில பாத்துட்டு பிரேக்குல கால வச்சான். ரெண்டு விசில் கொடுத்தா வண்டி போகலாம்னு அர்த்தம். நான் ரெண்டோட நிப்பாட்டல சார். அவரு கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் ஊதிக்கிட்டே இருந்தேன்.